மோட்டார் சைக்கிள் டயர்ச் சேதமும் உத்தரவாத நீட்டிப்பும்

நம் சிற்றூர்களில் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. அதிகாலையில் பால் கேன்களைச் சங்கத்திற்குக் கொண்டு செல்வதும், காய்கறிக் கூடையை உழவர் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும், உர மூட்டையை வயலுக்குக் கொண்டு சேர்ப்பதும், நோயுற்றவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வதும் அதுவே. கலப்பையையும் மண்வெட்டியையும் போல அதுவும் உழவர் இல்லத்தின் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது.

இவ்வண்டியில் தரையைத் தொடுவன இரண்டு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் உள்ளங்கை அகலமுள்ள ஓரிடத்தில்தான் சாலையைப் பற்றி நிற்கிறது. வண்டியின் பாரமும், ஏறியிருப்போரின் உயிரும் அந்தச் சிறு இடத்தை நம்பியே செல்கின்றன. ஆயினும் இஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதில் காட்டும் அக்கறையை நம்மிற் பலர் டயரிடம் காட்டுவதில்லை. டயர் கெட்டபின், "வண்டி வாங்கும்போது கூடுதல் பணம் கட்டி உத்தரவாதத்தை நீட்டித்தோமே, அதில் டயர் கிடைக்காதா?" என்று கேட்போரும் பலர். பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் விடை, "கிடைக்காது" என்பதே. ஏன் கிடைக்காது, எப்போது கிடைக்கும், கிடைக்க வேண்டியதை எவ்வாறு கேட்டுப் பெறுவது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

டயரின் அமைப்பு

டயர் வெறும் ரப்பர் வளையம் அன்று. அதன் உட்புறத்தில் நைலான் போன்ற வலிய நூல்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. பாரத்தைத் தாங்குவன இந்நூல்களும், அவற்றினுள் அடைபட்டுள்ள காற்றுமே. ரிம்மோடு பொருந்தும் இரு விளிம்புகளிலும் எஃகுக் கம்பி வளையம் உண்டு. சாலையைத் தொடும் மேற்பரப்பைப் பேச்சு வழக்கில் "பட்டன்" என்கிறோம். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் மழைக்காலத்தில் நீரை வெளியேற்றிச் சக்கரம் வழுக்காமல் காக்கின்றன. பட்டனுக்கும் விளிம்பிற்கும் இடைப்பட்ட பகுதி பக்கச்சுவர். இது மெல்லியது, வண்டி செல்லுகையில் ஓயாமல் வளைந்து நிமிர்வது.

இவ்வமைப்பை நினைவிற் கொண்டால் ஒன்று விளங்கும். பட்டனில் முள் குத்தினால் ஒட்டுப்போட்டுச் சரி செய்யலாம். ஆனால் பக்கச்சுவரில் கிழிசல் ஏற்பட்டாலோ, உள்நூல் அறுந்தாலோ, அந்த டயரை ஒட்டி ஓட்டுவது ஆபத்து. அது மாற்றப்பட வேண்டியதே.

டயரின்மேல் எழுதியிருப்பவை

டயரின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் படிக்க அறிந்துகொள்வது கடினமன்று. முக்கியமானவை நான்கு.

முதலாவது, அளவு. "80/100–18" என்றிருந்தால், அகலம் 80 மில்லிமீட்டர். உயரம் அகலத்தில் நூற்றுக்கு நூறு. ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்பது பொருள். வண்டியின் கையேட்டில் கூறிய அளவைத் தவிர வேறு அளவு டயரைப் பொருத்துதல் கூடாது. அவ்வாறு பொருத்தினால் உத்தரவாதக் கோரிக்கை மறுக்கப்படுவதற்கும் அது காரணமாகலாம்.

இரண்டாவது, பார எண். அளவையடுத்து "47 பி" என்றிருக்குமாயின், 47 என்பது பார எண்; "பி" என்பது வேகக்குறி. 47 என்னும் பார எண் அந்த டயர் 175 கிலோகிராம் வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். 52 என்பது 200 கிலோகிராமைக் குறிக்கும். இதில் வண்டியின் எடையில் அந்தச் சக்கரத்தின்மேல் விழும் பங்கும் அடங்கும் என்பதை மறத்தலாகாது. பின்னிருக்கையில் இரண்டு மூட்டைகளை ஏற்றி, அவற்றின்மேல் ஆளையும் அமர்த்திச் செல்வோர் இவ்வெண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, தயாரிக்கப்பட்ட காலம். நீண்ட எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். "3224" என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம், அதாவது ஆகஸ்டு மாதத்தில் செய்யப்பட்ட டயர் எனக் கொள்ள வேண்டும். புதிய டயர் என்று வாங்குவது கடையில் நெடுங்காலம் கிடந்ததா என்பதை இதனால் அறியலாம். சில நிறுவனங்கள் உத்தரவாதக் காலத்தை வாங்கிய நாளிலிருந்து அன்றித் தயாரித்த நாளிலிருந்தே கணக்கிடுவதால், இந்த நான்கு இலக்கங்களுக்குப் பண மதிப்பும் உண்டு.

நான்காவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. இருசக்கர, மூன்று சக்கர வண்டி டயர்களுக்குரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 15627 ஆகும். 2009-ஆம் ஆண்டு மத்திய அரசு பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணையின் வழியே டயர்களுக்கு இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. முத்திரையற்ற டயர் எவ்வளவு மலிவாயினும் வாங்குதல் கூடாது.

இவையன்றி, பட்டன் பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் உள்ளன. டயரின் தோள்பகுதியில் முக்கோணமோ, "டி.டபிள்யூ.ஐ." என்ற எழுத்துகளோ அவை உள்ள இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து இம்மேடுகளின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்கப்பால் அது மொட்டை டயர். உத்தரவாதமும் அத்துடன் முடிவுறும்.

சேதத்தின் வகைகளும் காரணங்களும்

டயர்ச் சேதத்தில் உத்தரவாதம் கிடைக்குமா என்பது சேதத்தின் அளவைப் பொறுத்ததன்று. அதன் காரணத்தைப் பொறுத்தது. உற்பத்திக் குறையால் வந்ததா, உபயோகத்தால் வந்ததா என்பதே கேள்வி. நிறுவனத்தின் ஆய்வாளர் டயரைப் பார்த்ததும் தேடும் அடையாளங்களை நாமும் அறிந்திருந்தால், வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம். நியாயமான கோரிக்கையை உறுதியோடும் வற்புறுத்தலாம்.

1. நடுப்பகுதி மட்டும் விரைந்து தேய்தல்: காற்று அளவுக்கு மேல் இருந்ததன் அடையாளம். நேரான சாலையில் மட்டும் செல்லும் வண்டிக்கு நடுப்பகுதி சற்று மிகுதியாகத் தேய்வது இயல்பே.

2. ஓரங்கள் தேய்ந்து, பக்கச்சுவரைச் சுற்றிலும் வளையம் போல மடிப்பும் வெடிப்பும் தோன்றுதல்: காற்றுக் குறைவாகவோ பாரம் மிகுதியாகவோ நெடுநாள் ஓட்டியதன் அடையாளம். பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து, சூடேறி, உள்நூல் தளர்ந்து போகிறது. கோரிக்கைகள் மறுக்கப்படுவதற்கு இது முக்கியமான காரணம்.

3. உட்புறத்தில் பெருக்கற்குறி வடிவில் நூல் அறுந்திருத்தல்: குழியிலோ கல்லிலோ வேகமாக மோதியதன் விளைவு. வெளியே சிறிய தழும்பு மட்டுமே தெரியக்கூடும். பின்னர் அவ்விடத்தில் கொப்புளம் போல வீக்கம் தோன்றும். இதை உற்பத்திக் குறையாக நிறுவனங்கள் ஏற்பதில்லை.

4. அடிபட்ட அடையாளம் ஏதுமின்றி வீங்குதல், பட்டன் அடுக்கு நூலிலிருந்து தனியே பிரிந்து வருதல், புதிதாக வாங்கிய சில மாதங்களிலேயே சக்கரம் சீராகச் சுழலாமல் ஏறி இறங்குதல்: ரிம் கோணலாக இல்லையென்று உறுதி செய்துகொண்டபின், இவற்றை உற்பத்திக் குறையாகக் கருத இடமுண்டு. உத்தரவாதம் கோர வேண்டியவை இவையே.

5. விளிம்பு கிழிதல்: டயரைக் கழற்றி மாட்டுகையில் நெம்புகோலை முரட்டுத்தனமாகப் பயன்படுத்துவதால் நேர்வது. புதிய டயரை மாட்டும்போது உடனிருந்து பார்த்தல் நன்று.

6. மேற்பரப்பெங்கும் மயிரிழை வெடிப்புகள்: வெயிலாலும் காலத்தாலும் ரப்பர் முதிர்வதன் விளைவு. டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் ஆகியவை படிந்தாலும் ரப்பர் கெடும். மோட்டார் பம்ப் கொட்டகையில் எண்ணெய் சிந்திய தரையின்மேல் வண்டியை நிறுத்தும் வழக்கம் தவிர்க்கத்தக்கது.

7. முள், ஆணி, கண்ணாடித் துண்டு ஆகியவற்றால் பஞ்சர்: நம் வறண்ட மாவட்டங்களில் சீமைக் கருவேல முள்ளே இதில் முதலிடம் பெறுகிறது. பஞ்சரை எந்த டயர் உத்தரவாதமும் ஏற்பதில்லை. ஆனால் பஞ்சரானபின் தள்ளிச் செல்லாமல், காற்றில்லாத டயரின்மேலேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிச் சென்றால், பத்து நிமிடத்தில் ஒட்டக்கூடிய சேதம் புதிய டயர் வாங்கும் செலவாக மாறிவிடும்.

இவற்றுட் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் வழி ஒன்றே: வாரம் ஒருமுறை காற்றழுத்தத்தைப் பார்த்தல். கையேட்டிலோ சங்கிலி உறையிலோ எழுதப்பட்டுள்ள அளவே சரியான அளவு. ஒருவர் செல்வதற்கும் இருவர் செல்வதற்கும் பின்சக்கர அளவு வேறுபடும். ஓடிய டயர் சூடேறி அழுத்தம் கூடியிருக்குமாதலின், காலையில் வண்டியை எடுக்குமுன் பார்ப்பதே சரி. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றை மதிப்பிடும் பழக்கம் மாட்டுவண்டியிலிருந்து சைக்கிளுக்கு மாறிய காலத்தது. மோட்டார் சைக்கிளுக்கு மானி வேண்டும்.

நான்கு தாள்கள்

வண்டி வாங்கும் நாளில் நம் கையில் நான்கு வகைத் தாள்கள் தரப்படலாம். அவற்றைப் பிரித்தறியாமையே குழப்பத்திற்கு வேர்.

முதல் தாள் வண்டி நிறுவனத்தின் உத்தரவாதம். இது இஞ்சின், பற்சக்கரப் பெட்டி, சட்டகம் முதலிய உறுப்புகளின் உற்பத்திக் குறைகளுக்கானது. டயர், டியூப், பேட்டரி ஆகியவற்றை வேறு நிறுவனங்கள் செய்து தருவதால், அவற்றிற்கு அந்தந்த நிறுவனமே பொறுப்பு என்று இதில் பொதுவாக எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாம் தாள் டயர் நிறுவனத்தின் உத்தரவாதம். டயரைப் பொறுத்தவரை உற்பத்திக் குறைக்கு நாம் நாட வேண்டியது இதனையே. பெரும்பாலும் இது தனித்தாளாகத் தரப்படுவதில்லை. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அடங்கியிருக்கும், அல்லது கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் தாள் உத்தரவாத நீட்டிப்பு. தனிக்கட்டணம் செலுத்திப் பெறுவது. முதல் தாளின் காலம் முடிந்தபின் அதனைச் சில ஆண்டுகள் நீட்டிப்பது. முதல் தாளில் இல்லாத பொருள் நீட்டிப்பிலும் இராது என்பதே பொது விதி. தேய்மானப் பொருள்கள் என்று வகுக்கப்பட்ட டயர், டியூப், பிரேக் கட்டை, கிளச்சுத் தகடு, சங்கிலி, பல்பு, ரப்பர் உறுப்புகள் முதலியன வழக்கமாக இதில் விலக்கப்பட்டிருக்கும். "எல்லாம் அடங்கும்" என்று வாயாற் சொல்லப்படுவதற்கு மதிப்பில்லை. தாளில் டயர் என்ற சொல் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். டயருக்கென்றே தனிப் பாதுகாப்புத் திட்டம் விற்கப்படுமாயின், அதில் குழியில் மோதிய சேதமும் பக்கச்சுவர்க் கிழிசலும் அடங்குமா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் தாள் காப்பீடு. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. அது பிறருக்கு நேரும் தீங்கிற்கானது. நம் டயருக்கு அதில் ஒரு காசும் கிடைக்காது. சொந்தச் சேதக் காப்பீடும் எடுத்திருந்தால், வழக்கமான விதியின்படி, விபத்தில் வண்டியும் சேர்ந்து சேதமுற்றால் மட்டுமே டயருக்கு இழப்பீடு உண்டு. அதுவும் மாற்றுச் செலவில் நூற்றுக்கு 50 என்ற வரம்பிற்கு உட்பட்டது. டயர் மட்டும் வெடித்தால் காப்பீடு இல்லை.

சுருங்கக் கூறின், உற்பத்திக் குறைக்கு இரண்டாம் தாள். விபத்திற்கு நான்காம் தாள். பஞ்சருக்கும் தேய்மானத்திற்கும் நம் கைப்பணம். மூன்றாம் தாளை டயருக்காக வாங்குவதில் பெரும்பாலும் பயனில்லை.

நீட்டிப்பை வாங்குமுன் ஒரு கணக்கு

அவ்வாறாயின் நீட்டிப்பை வாங்கவே கூடாதா? அப்படிக் கூறுவதற்கில்லை. இஞ்சின் பழுதிற்கு அது பயன்படலாம். ஆனால் அது நமக்குப் பொருந்துமா என்பதைக் கணக்கிட்டே வாங்க வேண்டும்.

வண்டி உத்தரவாதங்கள் பெரும்பாலும் ஆண்டும் கிலோமீட்டரும் சேர்த்தே எழுதப்படுகின்றன. "எது முன்னதோ அது" என்ற சொற்றொடரும் உடன் வரும். உதாரணமாக, மூல உத்தரவாதம் 2 ஆண்டு அல்லது 24,000 கிலோமீட்டர் என்றும், நீட்டிப்புடன் சேர்த்து 5 ஆண்டு அல்லது 50,000 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பால் சேகரிக்கும் ஒருவர் நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 24,000 கிலோமீட்டர் அவருக்கு 600 நாளில், அதாவது ஏறக்குறைய 20 மாதத்தில் முடிந்துவிடும். 50,000 கிலோமீட்டர் 1,250 நாளில், ஏறக்குறைய 3 ஆண்டு 5 மாதத்தில் முடியும். ஆகவே மூன்றாண்டு நீட்டிப்பென்று எண்ணிப் பணம் கட்டியவருக்குக் கிடைப்பது 650 நாளே. இரண்டு ஆண்டிற்கும் குறைவு. நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் ஓட்டும் மற்றொருவருக்கோ ஐந்தாண்டில் 18,250 கிலோமீட்டரே ஆகும். அவருக்குக் காலம் முழுவதும் கிடைக்கும். ஒரே தாள், ஒரே கட்டணம். இருவருக்கும் பயன் ஒன்றன்று.

கையெழுத்திடுமுன் பின்வரும் கேள்விகளைக் கேட்க வேண்டும்:

(அ) இது கட்டாயமா? அன்று, விருப்பத்திற்குரியது. வண்டி விலையோடு சேர்த்துக் காட்டாமல் தனிவரியில் காட்டி ரசீது தர வேண்டும்.

(ஆ) பொறுப்பேற்பவர் வண்டி நிறுவனமா, வேறு நிறுவனமா?

(இ) அடங்கும் உறுப்புகள் எவை? விலக்கப்பட்டவை எவை? இரண்டு பட்டியல்களையும் தரவேண்டும்.

(ஈ) எத்தனை நாளுக்கொருமுறை, எங்கே சர்வீஸ் செய்ய வேண்டும்? ஒரு சர்வீஸ் தவறினாலும் உத்தரவாதம் நீங்குமா? அறுவடைக் காலத்தில் நகரத்திலுள்ள சர்வீஸ் நிலையத்திற்குச் செல்ல இயலாத உழவருக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம்.

(உ) வாடகைக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தினால் செல்லுமா? பாலும் காய்கறியும் ஏற்றுவது அதில் அடங்குமா?

(ஊ) வண்டியை விற்றால் உத்தரவாதம் வாங்குபவருக்குச் செல்லுமா?

விடைகளைத் தாளில் காட்டச் சொல்ல வேண்டும். தமிழில் இல்லையெனில் ஊரில் படித்த இளைஞர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டயர் கெட்டால் செய்ய வேண்டியவை

குறை உற்பத்தியினது என்று தோன்றினால், உடனே அந்த டயரில் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். வெட்டுதல், தேய்த்தல், ஒட்டுதல் எதுவும் செய்யலாகாது. கழற்றிய டயரைப் பஞ்சர்க் கடையில் விட்டுவிட்டு வருவது பெரும் பிழை, சான்றே அதுதான். டயர் போனால் கோரிக்கையும் போயிற்று. டியூபையும் உடன் பாதுகாக்க வேண்டும்.

அடுத்து, கைப்பேசியில் படங்கள் எடுத்தல் வேண்டும்: குறையுள்ள இடம், டயரின் முழுத் தோற்றம், நான்கு இலக்கக் காலக்குறி, வண்டி ஓடிய கிலோமீட்டர் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும்.

பின்னர் ரசீது, பதிவுச் சான்று, சர்வீஸ் புத்தகம் ஆகியவற்றுடன் டயர் விற்றவரிடமோ, வண்டியுடன் வந்த டயராயின் வண்டி விற்பனையாளரிடமோ, டயர் நிறுவனத்தின் முகவரிடமோ டயரை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததற்குத் தேதியும் கோரிக்கை எண்ணும் உள்ள சீட்டைப் பெறாமல் திரும்புதல் கூடாது. ஆய்வாளர் கூறும் முடிவையும், மறுத்தால் அதன் காரணத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

கோரிக்கை ஏற்கப்பட்டாலும் புதிய டயர் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தல் சரியன்று. தேய்ந்தது போக எஞ்சிய பட்டனின் அளவிற்கே ஈடு தருவது வழக்கம். உதாரணமாக, புது டயரில் தேயத்தக்க பட்டன் 6 மில்லிமீட்டர், குறை கண்டபோது எஞ்சியது 4.5 மில்லிமீட்டர் எனில், எஞ்சியது நான்கில் மூன்று பங்கு. டயரின் விலை 2,000 ரூபாய் என்றால் 1,500 ரூபாய் கழிக்கப்படும். நாம் 500 ரூபாய் செலுத்திப் புதியதைப் பெறலாம். ஆதலால் குறை கண்டவுடன் செல்வதே ஆதாயம். "இன்னும் கொஞ்சநாள் ஓடட்டும்" என்று காத்திருந்தால் ஈடும் தேய்ந்துகொண்டே போகும், உயிருக்கும் ஆபத்து.

மறுக்கப்பட்டால்

மறுப்பு நியாயமற்றது என்று கருதினால் முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அது நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மாதிரி:

"ஐயா, வணக்கம். ........ தேதியில் ........ ரூபாய்க்குத் தங்கள் டயரை (அளவு ........, காலக்குறி ........) வாங்கினேன். ........ கிலோமீட்டர் ஓடிய நிலையில் ........ தேதியில் அதன் பட்டன் நூலிலிருந்து பிரிந்து வந்தது. மோதலோ வெட்டோ நேரவில்லை. தங்கள் முகவரிடம் ........ எண்ணுள்ள கோரிக்கை அளித்தேன். தக்க காரணம் கூறாமல் மறுக்கப்பட்டது. படங்களும் ரசீதின் நகலும் இணைத்துள்ளேன். மறு ஆய்வு செய்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் அளிக்க வேண்டுகிறேன்."

பதில் வராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்குக் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் முறையிடலாம். அதனாலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். 1986-ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி செய்கிறது.

இச்சட்டத்தில் உழவர் அறிய வேண்டியவை சில. பொருள் வாங்கிய ஊரில்தான் வழக்கிட வேண்டும் என்பதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வழக்கிடுவதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டிற்குள் முறையிட வேண்டும். சோதித்துத்தான் குறையை அறிய முடியும் என்றால், ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும்; டயரைப் பாதுகாக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தியதன் காரணம் இதனால் விளங்கும். சோதனை வேண்டாத வழக்கை மூன்று மாதத்திலும், சோதனை வேண்டுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க ஆணையம் முயல வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். பால் விற்றும் காய்கறி விற்றும் பிழைப்பவர், "வணிகத்திற்கு வாங்கினீர், நீர் நுகர்வோர் அல்லர்" என்று கூறப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. சுயதொழிலால் வாழ்க்கை நடத்தும் பொருட்டே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டம் விளக்கியுள்ளது. குறையுள்ள டயரால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால், டயரின் விலை மட்டுமன்றி அத்தீங்கிற்கும் இழப்பீடு கோர இச்சட்டத்தில் இடமுண்டு.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இது தனி மனிதரின் பை விஷயம் மட்டுமன்று. ஓர் ஊரில் இருநூறு வண்டிகள் இருந்து, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு டயரைக் காலத்திற்கு முன்னரே இழக்குமாயின், ஒரு டயர் 2,000 ரூபாய் என்று கொண்டால் நான்கு லட்சம் ரூபாய் ஊரைவிட்டு வெளியே செல்கிறது. ஊராட்சிகள் முயன்றால் இதிற் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

ஊர்ச் சாலைகளைப் பேணுவது ஊராட்சியின் கடமை. மழைக்காலம் முடிந்ததும் குழிகளை அடைத்தலும், சாலையோரச் சீமைக் கருவேலத்தை வெட்டுகையில் முட்கிளைகளைச் சாலையில் இழுத்துச் செல்லாதவாறு பார்த்தலும் முதற் பணிகள். பால் சங்கத்திலோ நூலகத்திலோ ஒரு காற்றடிக்கும் பம்பும் அழுத்தமானியும் வைத்தால் செலவு சிறிது, பயன் பெரிது. கிராம சபைக் கூட்டமொன்றில் நுகர்வோர் உரிமைகளைப் பொருளாக எடுத்துக்கொண்டு, உத்தரவாதத் தாள் ஒன்றை உரக்கப் படித்து விளக்கலாம். ஆண்டுதோறும் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாளாதலால், அதனை ஒட்டியும் இவ்விளக்கத்தை நடத்தலாம். ஒரே வகை டயரில் ஒரே குறை பலருக்கு ஏற்பட்டிருந்தால், அவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து சேர்ந்து முறையிடும்போது அம்முறையீட்டிற்கு வலிமை கூடும்.

இறுதியாக, பழைய டயர்களைப் பற்றியும் ஒரு சொல். கொல்லையில் எறியப்பட்ட டயரில் மழைநீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் அதில் முட்டையிட்டுப் பெருகும். போகியன்று டயரைக் கொளுத்துவதோ நச்சுப் புகையை ஊரெங்கும் பரப்பும். ஆகவே கோரிக்கைக்காக வைத்திருக்கும் டயரைக் கூரையின் கீழ் நனையாமல் வைக்க வேண்டும். தேவையற்றவற்றை ஊராட்சி ஓரிடத்தில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுப்போரிடம் அளிக்க வேண்டும்.

விதை வாங்கும்போது முளைப்புத்திறனைப் பார்க்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். வண்டியும் டயரும் வாங்கும்போது தாளைப் படித்துப் பார்ப்பதும் அதே விவேகத்தைச் சேர்ந்ததே. ரசீதைப் பெட்டியில் வைப்பதும், வாரம் ஒருமுறை காற்றைப் பார்ப்பதும், உரிமையை எழுத்தில் கேட்பதும் எளிய பழக்கங்கள். இவற்றை ஒவ்வோர் இல்லத்திலும் நிலைநாட்ட ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் முன்வர வேண்டுகிறோம்.